லைல் கூப்பிட்டால் எடுக்கக் கூடாது

அமெரிக்காவின் வடக்கே சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் அந்த ஊரில் ஜனவரியில் செத்தவர்களை மே மாதம்தான் புதைப்பார்கள். மண் அப்படி இறுகிக் கிடக்கும், கடப்பாரை இறங்காது. அதுவரை சவப்பெட்டி கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் இருக்கும் கல் அறையில் கிடக்கும். லைல் கோஸ்கியும் அப்படித்தான் கிடந்தான். அவன் பாட்டுகளில் நல்லதையெல்லாம் பொறுக்கி ஒரே கேசட்டில் சேர்க்க டோரீன் மாக்கெலாவுக்கு அந்த மண் இளகும்வரை அவகாசம் இருந்தது.

கேசட் வேண்டும் என்று கேட்டவள் லைலின் அக்கா ஆர்டிஸ். கல்யாணமாகி மில்வாக்கிக்குப் போனவள். பிப்ரவரியில் ஒருநாள் போன் செய்தாள்.

"ஊர்ல எல்லார் கல்யாணத்துக்கும் நீதானே கேசட் போட்டுக் குடுக்கிறே. என் தம்பிக்கும் ஒண்ணு போட்டுக் குடு டோரீன். அடக்கம் முடிஞ்சு காபி குடிக்கிறப்ப எல்லாரும் கேக்கட்டும்."

"குடுத்துட்டாப் போச்சு. யார் யார்கிட்ட கேக்கணும்?"

"யாரையும் விடாதே. ஒவ்வொரு பாட்டும் எப்ப வந்துச்சுன்னும் கேட்டு வை."

"நம்ம ஊர்க்காரங்களுக்குப் பொண்டாட்டி பிறந்தநாளே ஞாபகம் இருக்காது. பாட்டு வந்த நாளா இருக்கப் போகுது?"

"ஆகுற மட்டும் கேளு," என்றாள் ஆர்டிஸ். சிரிக்கவில்லை.

லைலுக்குச் சொந்தமாக டேப் ரெக்கார்டர் கிடையாது. ஊரார் வீட்டு ஆன்சரிங் மெஷின்தான் அவனுடைய ஸ்டூடியோ. வீட்டில் ஆள் இல்லாதபோது போன் மணிக்குப் பதில் சொல்லி, கூப்பிட்டவர் பேசுவதைக் கேசட்டில் பதிந்து வைக்கும் பெட்டி அது. ஆள் பக்கத்திலேயே நின்றால், பதிவாகும்போதே குரல் பெட்டிக்கு வெளியே கேட்கும். லைலுக்குத் திக்குவாய். சாதாரணத் திக்கல் இல்லை. கடையில் ரொட்டி கேட்பதற்குள் பின்னால் நிற்பவர்கள் கூரையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பாடினால் மட்டும் ஒரு எழுத்துகூடத் தடுக்காது. அதனால் காலையில் காபி குடித்துவிட்டு, மூன்று நரம்பு மிஞ்சிய யூகலேலி என்ற குட்டி கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, ரிசீவரைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, அன்றைக்குத் தோன்றிய வீட்டுக்குப் போன் போட்டுப் பாடுவான். மெஷின் பொறுமை இழக்காது, வாயைப் பார்க்காது, பாதி வார்த்தையை எடுத்துக் கொடுத்து உதவுகிறேன் பேர்வழி என்று அவமானப்படுத்தாது.

பாட்டு என்றால் பெரிய விஷயமெல்லாம் இல்லை. மின்வாரியத்துக்காரன் வந்துவிட்டுப் போனது, ரொட்டி கருகியது, குளிரில் பூனை அவன் தொப்பிக்குள் படுத்துக்கொண்டது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். பின்னால் ஃபிரிட்ஜ் உறுமும். பாதியில் மெஷினின் நேரம் முடிந்து 'பீப்' என்று வெட்டிவிடும். ஆனாலும் கேட்டவர்கள் அந்தக் கேசட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிது வாங்கிப் போட்டார்கள். ஊர்க் கடைக்காரர், ஆன்சரிங் மெஷின் கேசட் மிட்டாயைவிட அதிகமாக விற்கிறது என்பார்.

இதில் ஒரே ஒரு சட்டம் உண்டு. லைல் கூப்பிட்டால் எடுக்கக் கூடாது. குரல் கேட்டதும் ரிசீவரைத் தொடாமல் மெஷினை வேலை செய்ய விட வேண்டும். யாராவது எடுத்துவிட்டால், "ரா... ரா... ராங் நம்பர்" என்று வைத்துவிடுவான். அப்புறம் அந்த வீட்டுக்குப் பல நாள் பாட்டு வராது. பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் கூடம் நடத்தும் வர்ஜிலின் மனைவி ஒருமுறை தெரியாமல் எடுத்துவிட்டு, ஒரு கோடைக்காலம் முழுக்க வர்ஜிலிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தார்கள். அவனுக்கு மரியாதை செய்வதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். அதில் தப்பும் இல்லை.

ஜனவரியில் ஒரு பெரும் பனிப்புயல். மூன்று நாள் பள்ளிக்கூடம், பவுலிங் கூடம், பேக்கரி எல்லாம் மூடிக் கிடந்தன. புயல் ஓய்ந்து தபால்காரர் போனபோது லைலின் பின்கதவு தாழ் போடாமல் இருந்தது. உள்ளே சமையலறைத் தரையில் கிடந்தான். ஹீட்டர் அணைந்திருந்தது. போன் பக்கத்தில் விழுந்திருந்தது. விழும்போது வயரைப் பிடித்து இழுத்திருப்பான் என்றார்கள். தலையில் அடி, விழுந்ததுமே போயிருப்பான், ஒன்றும் தெரிந்திருக்காது என்றார் மரண விசாரணை அதிகாரி. ஊரே அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டது. யாரைக் கேட்டாலும், "ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, பாவம்" என்பார்கள். டோரீனும் ஆர்டிஸிடம் போனில் அதைத்தான் சொன்னாள்.

டோரீனுக்குப் பேக்கரி வேலை. விடியுமுன் போய், இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்டிகளைச் சுட்டு அடுக்கிவிட்டு, ஊர் காபி குடிக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். புருஷன் டுலூத்துக்கு லாரி ஓட்டப் போனவன், அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். அவன் விட்டுப்போன ஒரே உருப்படியான சாமான் இரட்டை கேசட் டெக். ஒரு பக்கம் ஓட, மறுபக்கம் பதிவாகும். அதை வைத்துக்கொண்டு ஊருக்குக் கேசட் போட்டுக் கொடுப்பாள். யாருக்கு எந்தப் பாட்டுக்கு அப்புறம் எது வரவேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. வாழ்க்கையில் மற்ற எதையும் வரிசையாக வைக்கத் தெரியவில்லை, இதையாவது வைப்போம் என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வாள்.

முதலில் வர்ஜிலிடம் போனாள். லைல் சாயங்காலங்களில் அவனுடைய கூடத்தைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தவன். வர்ஜில் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பவுலிங் ஷூ பெட்டியை எடுத்தான்.

"எல்லாம் இதுல இருக்கு. பூனைப் பாட்டு நல்லாயிருக்கும். பல்லு பிடுங்கின பாட்டு சுமார். எதை வேணா போடு, எதை வேணா விடு." அப்புறம் சட்டைப் பையிலிருந்து தனியாக ஒரு கேசட்டை எடுத்தான். "இதை விட்டேன்னு வை, நான் செத்தாக்கூட உன்னோட பேச மாட்டேன்."

"செத்தப்புறம் பேசாதேய்யா, பயந்துருவேன். அப்படி என்ன அதுல?"

"என் பேரைச் சொல்லிப் பாடியிருக்கான். வர்ஜில், வர்ஜில்னு. எத்தனை வருஷமா வேலை பார்த்தான், ஒருநாள்கூட என் பேரை முழுசாச் சொன்னதில்லை. 'வ... வ...'ன்னு நின்னுருவான். கடைசியாப் பாடினான் பாரு, தண்ணி மாதிரி வந்துச்சு."

"எப்ப வந்துச்சு இது?"

"புயல் அன்னிக்கு. எல்லாம் வீட்டுல அடைஞ்சு கிடந்தோமே. பொண்டாட்டி கையைப் பிடிச்சு உக்கார வெச்சுக் கேட்டேன், எங்க மறுபடி எடுத்துருவாளோன்னு." வர்ஜில் கண்களைத் துடைத்துக்கொண்டான். "அதுக்கப்புறம்தான் விழுந்திருக்கான் போல. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

மேவிஸ் லூத்தரன் சபை அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள். சுத்தம் பார்க்கிறவள், கேசட்டுகளைக்கூடக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள். பாதிக்குமேல் கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"இதை ஊருக்கு நடுவுல போடலாமா என்னன்னு தெரியல டோரீன். எனக்குன்னு பாடினது. பேர் வெச்சு."

"அடியே, உனக்கும் அவனுக்கும் ஏதாவது இருந்துச்சா?"

"வாயைக் கழுவு. அவன் என்னை வீட்டுக்குக் கூப்பிடுறான் பாட்டுல, அவ்வளவுதான். கேக்க அவ்வளவு இதமா இருக்கு. அவன் பாடினதுலயே இதுதான் உசத்தி. புயல் அன்னிக்கு வந்துச்சு. நான் ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு இருந்தேன், ஊசியைக்கூட அசைக்கல." கடைசியில் அதையும் டோரீன் கையில் வைத்தாள்.

டோரீனுக்குச் சுருக்கென்றது. பயமில்லை, பொறாமை. ஏனென்றால் அவளிடமும் ஒன்று இருந்தது. அதிலும் பேர் இருந்தது. அவள் பேர். அதை யாரிடமும் சொல்லாமல், மிக்ஸ் கேசட்டின் கடைசிப் பாட்டாக அதைத்தான் வைப்பது என்று முதல் நாளே முடிவு செய்திருந்தாள். தன்னை ஒருவன் பேர் சொல்லிப் பாடி வெகுகாலமாகியிருந்தது.

மார்ச் முழுக்க மதிய வேளைகளில் சமையலறை மேசையில் உட்கார்ந்து கேசட்டைச் சேர்த்தாள். இரைச்சலைக் குறைக்கும் பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். லைல் தலையணைக்கு அடியிலிருந்து பாடுவது போல ஆனான். மறுபடி எடுத்துவிட்டாள். ஃபிரிட்ஜ் உறுமட்டும், பீப் வெட்டட்டும், அதெல்லாம் சேர்ந்ததுதான் அவன். முதல் பக்கத்தில் சிரிப்புப் பாட்டுகள், இரண்டாம் பக்கத்தில் குளிர்காலப் பாட்டுகள். தரை குளிருது, அடுப்பு முறைக்குது, சாக்ஸ் இரண்டும் சண்டை போடுது என்று ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஒன்று பாடியிருந்தான்.

பேர் வைத்த பாட்டுகளைக் கடைசியில்தான் கேட்டாள். மேவிஸின் பாட்டில் முதல் வரியிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னிடம் இருந்த பாட்டேதான். அதே மெட்டு. வர்ஜிலுடையதும் அதேதான். பேர் மட்டும் வேறு. களவாணிப் பயலே, ஒரே பாட்டை மூன்று பேரிடம் விற்றிருக்கிறாயே என்று வாய்விட்டுச் சொன்னாள். மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் காபிக் கூட்டத்தில் வர்ஜில் முகமும் மேவிஸ் முகமும் போகிற போக்கைப் பார்க்கலாம். ஆர்டிஸும் சிரிப்பாள். மூன்றையும் வரிசையாகப் பதிந்துவிட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை ஓடவிட்டாள்.

*வர்றியா மேவிஸ், வர்றியா, தரை ரொம்பக் குளிருது. அடுப்பு அணைஞ்சு போச்சு, பின்கதவு திறந்துதான் இருக்கு. வர்றியா மேவிஸ், வர்றியா.*

*வர்றியா வர்ஜில், வர்றியா, கால் இன்னிக்கு என் பேச்சைக் கேக்கல. தரை ரொம்பக் குளிருது, பின்கதவு திறந்துதான் இருக்கு. வர்றியா வர்ஜில், வர்றியா.*

மூன்றாவதில் குரல் இறங்கியிருந்தது. வார்த்தைகளும் குறைந்திருந்தன. *வர்றியா டோரீன். வர்றியா டோரீன்.* அப்புறம் மெட்டு மட்டும். அப்புறம் மூச்சு. பீப்.

மூன்றிலும் யூகலேலி இல்லை. யூகலேலி இல்லாமல் லைல் ஒருநாளும் பாடியதில்லை.

கேசட் முடிந்து தானாக நின்றது. டோரீன் எழுந்திருக்கவில்லை. புயல் அன்றைக்கு, புயல் அன்றைக்கு என்று இரண்டு பேர் சொன்னது இப்போதுதான் காதில் ஏறியது. பக்கத்தில் விழுந்து கிடந்த போன் ஞாபகம் வந்தது. பேச வராத மனுஷன் உதவிக்கு எப்படிக் கூப்பிடுவான்? பாடித்தான் கூப்பிடுவான். அவசர எண்ணுக்குப் போடலாமே என்றால், ஒருமுறை புகைக்கூண்டில் தீப்பிடித்தபோது போட்டுப் பார்த்தவன்தான் அவன். அவன் முதல் வார்த்தையை முடிப்பதற்குள் யாரோ குடித்துவிட்டு விளையாடுகிறான் என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். இவர்கள் வைக்க மாட்டார்கள் என்று நம்பித்தான் இவர்களைக் கூப்பிட்டிருக்கிறான். ஒருவரும் வைக்கவில்லை. எடுக்கவுமில்லை.

அவள் வீட்டில்தான் இருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் குரல் கேட்டதும், ஒரு வார்த்தை தவறிவிடக் கூடாதே என்று குழாயை மூடினாள். சோப்புக் கையோடு மெஷின் முன்னால் நின்று, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள். பீப் வந்ததும், "நல்லாயிருக்குடா லைல்" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். அவன் வீடு மூன்று தெரு தள்ளி. எவ்வளவு புயலானாலும் சுவரைப் பிடித்துக்கொண்டே போயிருக்கலாம்.

மறுநாள் பேக்கரிக்குப் போய் வழக்கம்போல வேலை பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. வர்ஜிலிடம் எப்படிச் சொல்வது? பெண்டாட்டி கையைப் பிடித்து உட்கார வைத்தவன் அவன். மேவிஸிடம் சொன்னால் அவள் மறுபடி ஊசியைத் தொடுவாளா? எல்லாவற்றையும்விட ஆர்டிஸ். விழுந்ததுமே போய்விட்டான், ஒன்றும் தெரிந்திருக்காது என்று நம்பிக்கொண்டு மில்வாக்கியில் உட்கார்ந்திருக்கும் ஒரே அக்கா. அவள் கையில் இதைக் கொடுப்பதைவிடக் கேசட்டை அடுப்பில் போடலாம். டோரீன் வேறொரு கேசட்டில் எல்லாவற்றையும் மறுபடி பதிந்தாள். மூன்று பாட்டும் இல்லாமல், பூனை தொப்பிக்குள் தூங்குவதோடு முடித்தாள். வர்ஜில் கத்துவான், கத்தட்டும். மூன்று பாட்டும் இருந்த முதல் கேசட்டை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. வீட்டில் விட்டுவிட்டு வரவும் மனம் வராமல் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள்.

மே மாதம் இரண்டாம் வாரம் லைலைப் புதைத்தார்கள். குழியின் ஓரத்தில் அப்போதும் கொஞ்சம் பனி ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் சபையின் அடித்தளக் கூடத்துக்குக் காபிக்கு வந்தார்கள். கேசட் ஓடியது. பல்லுப் பாட்டுக்குச் சிரித்தார்கள். டோரீன் பக்கத்துச் சமையலறையில் காபியை ஜாடிகளில் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஆர்டிஸ் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். தம்பியைப் போலவே நீள முகம். அதற்குள் நன்றாக இளைத்திருந்தாள்.

"எப்ப எப்ப வந்துச்சுன்னு கேட்டியா?"

"சிலதுக்குத்தான் தெரிஞ்சுது."

"புயல் அன்னிக்கு ஏதாவது வந்துச்சா யாருக்காவது?"

டோரீன் ஜாடியைக் கீழே வைத்தாள். "ஏன் கேக்கிறே?"

"எனக்கு வந்துச்சு." ஆர்டிஸ் கைகளை மேசைமேல் ஊன்றிக்கொண்டாள். "காய்ச்சல்ல படுத்திருந்தேன். போன் பக்கத்துலயேதான். மெஷின்ல அவன் குரல் வந்ததும் அவர் எடுக்கப் போனார். நான்தான், சும்மா இருங்க, லைல் பாடுறான்னு தடுத்துட்டேன். வர்றியா அக்கா, வர்றியான்னு பாடினான். நான் கண்ணை மூடிக்கிட்டு ரசிச்சேன் டோரீன். நீ எனக்குப் போன் பண்ணி, அவன் கிடந்த இடத்தைச் சொன்னப்பதான் புரிஞ்சுது. போன் கீழ விழுந்து கிடந்துச்சுன்னியே, அப்ப."

"அப்ப இந்தக் கேசட்டு..."

"பாட்டுக்காகக் கேக்கல. நான் எடுக்கலைன்னா வேற யாரையாவது கூப்பிட்டானா, இல்ல அதோட விட்டுட்டானான்னு தெரிஞ்சுக்கணும். நாலு மாசமா மனசுல அது ஒண்ணுதான். நேராச் சொல்லு. நான் மட்டுமா?"

இல்லை என்று சொன்னால் இவளுக்குப் பாரம் கொஞ்சம் குறையும். ஆனால் தம்பி ஒருமுறை கூப்பிட்டுவிட்டு ஓயவில்லை, விடாமல் கூப்பிட்டுக்கொண்டே கிடந்தான் என்றும் ஆகும். ஆமாம் என்றால் டோரீன் தப்பித்துக்கொள்ளலாம். அவள் ஆர்டிஸின் முகத்தைப் பார்த்தாள்.

"நீ மட்டும் இல்ல," என்றாள். "மேவிஸைக் கூப்பிட்டான். வர்ஜிலைக் கூப்பிட்டான். என்னையும் கூப்பிட்டான். நான் வீட்டுலதான் இருந்தேன் ஆர்டிஸ். குழாயை மூடிட்டு நின்னு கேட்டேன்."

ஆர்டிஸ் டோரீனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னித்தாளா, விழாமல் இருக்கப் பிடித்தாளா என்று டோரீனுக்குத் தெரியவில்லை. அவர்கள் இருவரும் அழவில்லை. வெளியே கேசட் முடிந்து, நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு வர்ஜில் தலையை நீட்டினான்.

"எங்கேம்மா என் பாட்டு? பூனையோட முடிச்சுட்டே? நான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

"நானும் ஒண்ணு குடுத்தேனே," என்று அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து மேவிஸின் குரல் வந்தது.

"உனக்குமா? என்ன பாட்டு?"

"வர்றியா மேவிஸ்னு."

"அட, எனக்கும் வர்றியாதான். ஏமாத்துக்காரப் பய." வர்ஜில் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். கூடத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். "போடு டோரீன், போடு. கேட்டுட்டுத்தான் போவோம்."

"கொண்டு வரல," என்றாள் டோரீன். கை தானாகக் கைப்பையை அழுத்தியது. ஆர்டிஸ் அதைப் பார்த்துவிட்டாள்.

வர்ஜில் கூடத்துக்குத் திரும்பியதும் ஆர்டிஸ் மெதுவாகச் சொன்னாள். "போடு."

"வேண்டாம். அவங்களுக்குத் தெரிஞ்சு போயிடும்."

"தெரியாது. நாம கேட்டப்ப நமக்குத் தெரிஞ்சுதா?" அவள் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "அவங்களுக்கு அது பாட்டு. பாட்டாவே இருக்கட்டும். நாம ரெண்டு பேர் சுமந்தாப் போதும்."

டோரீன் போய்க் கேசட்டைப் போட்டாள். வர்ஜிலின் பாட்டை மட்டும் தேடி எடுத்து ஓடவிட்டாள். லைல் பாடினான். கால் பேச்சைக் கேட்கவில்லை என்றான், தரை குளிர்கிறது என்றான், பின்கதவு திறந்திருக்கிறது என்றான். தன் பேர் வந்தபோது வர்ஜில் பக்கத்தில் இருந்தவனை இடித்துக் காட்டினான். மேவிஸ் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். இரண்டாம் தடவை 'வர்றியா' வந்தபோது சிலர் கூடச் சேர்ந்து பாடினார்கள். பீப் வந்ததும் கூடம் முழுக்கக் கைதட்டியது. ஆர்டிஸ் சுவரோரம் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள்.

வர்ஜில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னொரு தடவை போடும்மா," என்றான்.

டோரீன் போட்டாள்.